பிடித்தம்

வீடு காலி. சோபா போன இடத்தில்
கம்பளம் நான்கு குழிகளை இன்னும் மறக்கவில்லை.
கடைசி நடைக்கு வாடகை டிரக்கை எடுத்துக்கொண்டு
இளம்பரிதி போய்விட்டான்.
எனக்கு விட்டுப் போனது அடுக்களைக் குழாய்,
இரண்டு லிட்டர் வினிகர்,
அவனுடைய பழைய டூத்பிரஷ்.

நாளை பத்து மணிக்குக் கெய்லி வருவாள்
ஏஜென்சியிலிருந்து, கையில் டேப்லெட்டோடு.
நான்கு வருடம் முன்பு தந்த நுழைவு அறிக்கையில்
பதினோராம் பக்கம்,
‘குழாய்: சுத்தம், பழுதில்லை.’
கீழே என் கையெழுத்து.
இரவு டியூட்டி முடித்து வந்த கண்ணோடு போட்டது.
அன்றைக்கே இதன் கழுத்தில் வெள்ளை இருந்தது.
எனக்குத் தெரியும், குழாய்க்கும் தெரியும்.
இரண்டு சாட்சியும் செல்லாது.

கிளார்க்சனில் தண்ணீர் பார்க்கத் தெளிவுதான்.
கெட்டிலில் கொதித்தால்தான் வாய் திறக்கும்,
எந்தப் பாறை வழியாக வந்தேன் என்று.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
இங்கே நீர் ஊரக் கல் வளர்கிறது.

துணியை வினிகரில் முக்கிச் சுற்றினேன்,
தொண்டை கட்டியவனுக்கு மப்ளர் சுற்றுவதுபோல்.
மூக்கில் ஒரு பிளாஸ்டிக் பை, பாதி வினிகர்,
மேலே ரப்பர் பேண்ட்.
முதியோர் இல்லத்தில் தினமும் நான் மாற்றும் பைகளில் ஒன்று
என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது.
ஒரு மணி நேரம், அதற்கு மேல் வைத்தால்
பளபளப்பையும் தின்றுவிடும்.
தரையில் உட்கார்ந்து ஆறிப்போன நூடுல்ஸைத் தின்றேன்.
கரண்டி எந்தப் பெட்டியிலோ. கையால்தான்.

பிரஷ் போட்டதும்
வெளி அடுக்கு பாலாடைபோல் வழன்றது.
அது என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.
அரிசி களைந்த நாலு வருடம்,
பாத்திரம் யார் முறை என்று சண்டை போட்ட நாலு வருடம்.
அதற்கடியில் இன்னொன்று. பழுப்பு, பல்லில் காரைபோல்.
அது பெட்ரோவ்ஸ்கி என்பவருடையது.
எனக்கு முன்னால் இருந்தவர்.
இன்றுவரை அவர் பெயருக்குக்
கண்ணாடிக் கடைக்காரன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறான்.
அவருடையதுதான் லேசில் வரவில்லை.
வெண்ணெய்க் கத்தியின் முதுகால் சுரண்டினேன்,
கீறல் விழாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

குறடுக்குத் துணி சுற்றி
வாயின் சல்லடையைத் திருகிக் கழற்றினேன்.
உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணிகள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இது யார் இட்ட உப்பு?
யாரை நினைக்க?

கழுவித் துடைத்தேன்.
ஐயோ, என்ன மினுக்கம்.
வளைவில் என் முகம் தலைகீழாக,
நெற்றி மட்டும் பெரிதாக, ஒரு அதிகாரிபோல.
அப்போது கேட்டது.

சொட்.

கைப்பிடியை இறுக்கினேன். சொட்.
இத்தனை நாளும் கசிவை அடைத்துக்கொண்டிருந்ததே
அந்த வெள்ளைதான்.
போனில் சொன்னேன்.
“ஒரு துணியைக் கட்டிவிட்டு வா” என்றான் இளம்பரிதி.
துணியெல்லாம் அவனோடுதான் போயிருந்தது.
டிபன் டப்பா மூடியைக் கீழே வைத்தேன்.
காலி வீட்டில் அது இன்னும் சத்தம்.
எடுத்துவிட்டேன்.

கெய்லி குழாயைத் திறந்தாள், மூடினாள்,
மூன்று கோணத்தில் படமெடுத்தாள்.
“சொட்டுகிறது” என்றேன், கேட்காமலே.
“அது ஓனர் கவலை. ஆனால் அழகாக இருக்கிறது, புதிதுபோல.”
படத்தைக் காட்டினாள்.
நுனியில் ஒரு துளி, விழாமல்.
படத்தில் அது விழவே போவதில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து முன்பணம் வந்தது,
நாற்பத்தைந்து டாலர் குறைவாக.
பிடித்தம்: ஜன்னல் தடத்தில் மணல்.

கடல் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.
ஒப்பந்தத்தில் காற்றின் கையெழுத்து இல்லை.